கட்டணம் செலுத்துபவர் ஒருவரே: கனடாவின் சுகாதார முறைமை

கனடாவில் வைத்தியம் இலவசம் என அங்கு வாழும் உறவினர்கள் கூற நாம் கேட்டிருக்கிறோம். பல் வைத்தியத்துக்குச் செலவான பணத்தையும் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்த மாதங்களையும் பற்றி அவர்களே குறைப்பட்டுக்கொள்வதையும் கேட்டிருக்கிறோம். இவ்விரண்டும் உண்மையே. அந்நாட்டின் முறைமையைச் சற்று உற்றுநோக்கினால் இதிலுள்ள முரண்பாடு நீங்கிவிடும்.

எமது நாட்டில் அரசாங்கமே வைத்தியசாலைகளை நடத்துகின்றது. வைத்தியர்களுக்குச் சம்பளமும் வழங்குகின்றது. கனடாவின் நிலை வேறு. அங்கு பெரும்பாலான வைத்தியர்கள் அரசாங்க ஊழியர்கள் அல்லர். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். ஆனால் அவர்கள் நோயாளியிடம் பணம் கேட்பதில்லை. நோயாளி தமது மாகாணத்தின் சுகாதார அட்டையைக் காட்டுகின்றார். வைத்தியர் தமக்குரிய கட்டணத்தை மாகாணக் காப்புறுதித் திட்டத்திடமிருந்து பெற்றுக்கொள்கின்றார். கட்டண வீதங்கள் மாகாண அரசாங்கத்துக்கும் வைத்தியர் சங்கத்துக்கும் இடையிலான பேச்சுவார்த்தை மூலம் தீர்மானிக்கப்படுகின்றன. வைத்தியசாலைகளுக்கான நிதியும் பெரும்பாலும் அரசாங்கத்திடமிருந்தே கிடைக்கின்றது. சிகிச்சை அளிப்பவர் பலர்; கட்டணம் செலுத்துபவர் ஒருவரே. இந்த முறைமையின் சாரம் இதுதான்.

இது இலகுவில் கிடைத்த ஒன்றல்ல. ரொமி டக்ளஸ் முதல்வராகவிருந்த சஸ்கச்சுவான் மாகாணம் 1947ஆம் ஆண்டு வைத்தியசாலைச் செலவுகளுக்கான பொதுக் காப்புறுதியை ஆரம்பித்தது. வைத்தியர் கட்டணத்தையும் உள்ளடக்கும் திட்டம் 1962 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அம்மாகாண வைத்தியர்கள் 23 நாட்கள் பணிப்புறக்கணிப்பில் ஈடுபட்டனர். ஆயினும் திட்டம் கைவிடப்படவில்லை. 1966இல் கனேடியப் பாராளுமன்றம் இதனை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது.

எனினும் காலப்போக்கில் சில மாகாணங்களில் நோயாளிகளிடம் மேலதிகக் கட்டணம் அறவிடும் வழக்கம் தலைதூக்கியது. இதனைத் தடுக்கவே 1984ஆம் ஆண்டு கனடா சுகாதாரச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இதன்படி, நோயாளியிடம் மேலதிகமாக அறவிடப்படும் ஒவ்வொரு டொலருக்கும் ஈடாக ஒரு டொலர், அம்மாகாணத்துக்கு மத்திய அரசாங்கம் வழங்கும் நிதியிலிருந்து கழிக்கப்படும். வெறும் அறிவுரையை விட இந்த ஏற்பாடு வலிமையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அச்சட்டம் வைத்தியசாலைச் சேவைகளையும் வைத்தியர்களின் சேவைகளையுமே பிரதானமாக உள்ளடக்குகின்றது. வைத்தியசாலைக்கு வெளியே வாங்கும் மருந்துகளும், வழமையான பல் சிகிச்சையும், மூக்குக்கண்ணாடியும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இவற்றுக்குத் தொழில் வழங்குநரின் காப்புறுதியையோ, மாகாணங்களின் தனித்தனி உதவித் திட்டங்களையோ, சொந்தப் பணத்தையோ நாடவேண்டியுள்ளது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 30 சதவீதம் அரசாங்கம் அல்லாத மூலங்களிலிருந்தே வருகின்றது. இந்த இடைவெளியைக் குறைக்கவே அண்மைய ஆண்டுகளில் பல் சிகிச்சைத் திட்டமும், 2024 ஒக்டோபரில் மருந்துக் காப்புறுதிக்கான சட்டமும் கொண்டுவரப்பட்டன. அச்சட்டமும் முதற்கட்டமாக நீரிழிவு மருந்துகளையும் கருத்தடைச் சாதனங்களையும் பற்றியே பேசுகின்றது. அவசரமற்ற சத்திரசிகிச்சைகளுக்கான நீண்ட காத்திருப்பும், குடும்ப வைத்தியர் பற்றாக்குறையும் இன்னமும் தீராத பிரச்சினைகளாகவே உள்ளன.

இதில் எமக்கும் படிப்பினை உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் அறவிடுவதை இலங்கை 1951ஆம் ஆண்டிலேயே ஒழித்தது. சஸ்கச்சுவான் வைத்தியர்களின் பணிப்புறக்கணிப்புக்குப் பதினொரு வருடங்களுக்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பது பெருமைக்குரியது. ஆயினும், மருந்து கையிருப்பில் இல்லையெனத் துண்டெழுதிக் கொடுக்கப்படும்போதும், பரிசோதனைக்குத் தனியார் நிலையத்தை நாடுமாறு கூறப்படும்போதும், கட்டணம் செலுத்துபவர் நோயாளியாகவே மாறிவிடுகின்றார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இதன் கொடுமையை நாடே அனுபவித்தது.

வைத்தியசாலை வாயிலில் பணம் கேட்கப்படுவதில்லை என்பதனால் மாத்திரம் ஒரு சுகாதார முறைமை இலவசமானதாகிவிடாது. நோயாளி வீடு திரும்பும் வரை அவர் தமது பணப்பையிலிருந்து எவ்வளவு செலவிட நேர்ந்தது என்பதே சரியான அளவுகோல். இந்த அளவுகோலில் கனடாவும் இலங்கையும் கடக்கவேண்டிய தூரம் இன்னமும் உண்டு.