இலச்சினை வரைஞரும் வாடிக்கையாளரும்: ஒரு வாண்மை உறவின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வணிக நிறுவனங்களின் இலச்சினைகள் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அவற்றின் வடிவழகையே பேசுகின்றன. அவ்வடிவங்களை வரைந்தோருக்கும் பணங்கொடுத்து வரைவித்தோருக்கும் இடையே நிலவிய உறவு யாது, அவ்வுறவில் எவர் சொல் எடுபட்டது, எவர் உழைப்பு எவ்வாறு விலைமதிக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. இக்கட்டுரையில் அவ்வுறவினையே வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகின்றோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் வேண்டும். வழக்கறிஞரை நாடுபவரைத் தமிழிற் கட்சிக்காரர் என்கிறோம். மருத்துவரை நாடுபவர் நோயாளி. இலச்சினை வரைஞரை நாடுபவரையோ, தேநீர்க்கடைக்குச் செல்பவரைப் போலவே வாடிக்கையாளர் என்கிறோம். இதனை மொழியின் வறுமை எனக் கொள்ளலாகாது. அச்சகத்தோடும் விளம்பரத்தோடும் ஒட்டி வளர்ந்த இத்தொழில், அச்சுக்கூலியோடு சேர்த்துத் தரப்படும் சிறு சேவையாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. அந்நிலையினின்றும் அதனை உயர்தொழிலாக்க முயன்றோரின் வரலாறு முரண்பாடுகள் மலிந்ததாகும்.

1907இல் ஜேர்மனியின் மாபெரும் மின்சார நிறுவனமான ஏ.ஈ.ஜி., ஓவியராகத் தொடங்கிக் கட்டடக்கலைஞராக மாறிய பீற்றர் பேரன்ஸைத் தனது கலை ஆலோசகராக நியமித்தது. தேன்கூட்டின் அறுகோண அறைகளை ஒத்த கட்டங்களுள் மூன்று எழுத்துகளை அமைத்து அவர் ஆக்கிய இலச்சினையை மட்டும் தனித்து நோக்குதல் பொருந்தாது. மின்விளக்குகள், கேத்தல்கள், விலைப்பட்டியல்கள் என்பன முதலாக, 1909இல் பேர்லினில் எழுந்த விசையாழித் தொழிற்சாலை ஈறாக யாவும் அவர் பார்வைக்குட்பட்டன. ஆயினும் அவர் அந்நிறுவனத்தின் ஊழியரல்லர். தமக்கெனத் தனிக்கூடம் வைத்திருந்தவர். ஊதியம் பெறும் உதவியாளனாகவன்றி, ஆலோசனை கூறும் வாண்மையாளனாகக் கலைஞன் முதலாளியின் எதிரே அமர்ந்தமை இங்கேதான் தெளிவுறத் தொடங்குகிறது எனலாம். அதே ஆண்டில் ஜேர்மன் வேர்க்பண்ட் என்னும் அமைப்பும் தோன்றியது. 1914இல் கொலோன் நகரில் அவ்வமைப்பினர் கூடியபோது, தொழிற்றுறைக்கு வேண்டிய நியம வடிவங்களே தேவையென முத்தேசியஸ் வாதிட, கலைஞனின் தனித்த சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தலாகாது என வன் டி வெல்டே எதிர்த்தார். இவ்விவாதத்தின் பின்னணியில் ஏற்றுமதிச் சந்தைக்கான போட்டி இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆய்வின் மையம் ஐக்கிய அமெரிக்காவுக்கு மாறுகின்றது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தோமஸ் வாற்சன் (இளையவர்) எலியற் நொய்ஸ் என்பாரை வடிவமைப்பு ஆலோசகராக அழைத்தார். நொய்ஸ் விதித்த நிபந்தனை கவனத்துக்குரியது: தாம் ஊழியராகச் சேர்வதில்லை, இடைநிலை முகாமையாளரைத் தாண்டித் தலைவரோடு நேரே பேசும் உரிமை வேண்டும். இவ்வேற்பாட்டின் கீழேயே போல் ராண்ட் அந்நிறுவனத்தின் எழுத்துகளை வரைந்தார். 1972இல் அவற்றை எட்டுக் கிடைக்கோடுகளாகப் பகுத்தார். வெஸ்ரிங்ஹவுஸ் (1960), யூ.பி.எஸ். (1961), ஏ.பி.சி. தொலைக்காட்சி (1962) ஆகியவற்றின் இலச்சினைகளும் அவருடையனவே.

ராண்ட் வகுத்துக்கொண்ட முறை வருமாறு. பல மாதிரிகளைப் பரப்பிவைத்து, 'இதில் எது பிடிக்கிறது' என்று அவர் கேட்பதில்லை. ஒரேயொரு தீர்வு, அத்தீர்வை அடைந்த வழியைப் படிப்படியாக விளக்கும் அச்சிட்ட கையேடு. 1986இல் ஸ்டீவ் ஜொப்ஸ் தமது புதிய நெக்ஸ்ற் கணினி நிறுவனத்துக்காக அவரை அணுகினார். அப்போதும் ஐ.பி.எம்மின் ஆலோசகராயிருந்த ராண்டினது சேவையைப் பெற அந்நிறுவனத்தின் சம்மதம் தேவைப்பட்டது. சில மாற்று வடிவங்களும் கிடைக்குமா என ஜொப்ஸ் வினவியபோது, அவ்வாறு செய்வதில்லை என்றும், தீர்வைப் பயன்படுத்துவதும் விடுவதும் அவர் விருப்பம் என்றும், எவ்வாறாயினும் பணம் செலுத்தப்படல் வேண்டும் என்றும் ராண்ட் கூறினார். ஊதியம் 100,000 டொலர். ஜொப்ஸ் பின்னர் இதனை வியந்தே நினைவுகூர்ந்தார். மருத்துவர் மூன்று மருந்துகளை நீட்டி நோயாளியைத் தெரிவு செய்யச் சொல்வதில்லையன்றோ. ராண்ட் கோரியது அத்தகைய அதிகாரத்தையே.

ஆயினும் இவ்வதிகாரத்தை ராண்டின் ஆளுமையால் மட்டும் விளக்க முற்படுவது கருத்துமுதல்வாதமாகவே முடியும். 1971இல் ஒரிகன் மாநிலத்தில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுவோம். போட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்த பில் நைற், காலணி வணிகம் ஒன்றையும் நடத்திவந்தார். எண்ணெய் வண்ண ஓவிய வகுப்புக்குப் பணமில்லை எனப் பேசிக்கொண்டிருந்த கரொலின் டேவிட்சன் என்னும் மாணவிக்கு, மணித்தியாலத்துக்கு 2 டொலர் கூலியில் வரைபட வேலை கொடுத்தார். பின்னர் காலணியின் பக்கத்துக்கு ஒரு கோட்டுருவம் வேண்டியபோது அவர் பல வரைவுகளைக் கொண்டு சென்றார். நைற் எதனையும் பெரிதும் விரும்பவில்லை. உற்பத்தி அவசரத்தில் ஒன்றை ஏற்றுக்கொண்டார். டேவிட்சன் சமர்ப்பித்த கணக்கு 35 டொலர். அவ்வடிவமே நைக்கியின் குறி. 1983இல் அந்நிறுவனம் அவருக்கு வைரம் பதித்த மோதிரமும் ஒரு தொகைப் பங்குகளும் வழங்கியது. இதனைப் பெருந்தன்மை எனப் பலர் எழுதுவர். உரிமையாக ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒன்று, கொடையாக வந்து சேர்ந்தது என்பதே எமது கருத்து.

இவ்விரு ஊதியங்களுக்கும் இடையே 15 ஆண்டுப் பணவீக்கத்தைக் கழித்து நோக்கினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு எஞ்சுகின்றது. வரைகோட்டின் தரம் இவ்வேறுபாட்டை விளக்காது. ஒருவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஏகபோக நிறுவனத் தலைவர்களின் நேரடி ஆதரவு பெற்றவர். மறுத்துவிட்டு எழுந்து செல்லக்கூடியவர். மற்றவர் நேரத்தை விற்ற மாணவி. முன்னவர் விற்றது தீர்ப்பு. பின்னவர் விற்றது உழைப்புச் சக்தி. ராண்டின் அதிகாரமும் வரம்பற்றதன்று. 1966இல் போர்ட் மோட்டார் நிறுவனத்துக்கு அவர் ஆக்கிய வடிவத்தை அந்நிறுவனம் ஏற்கவில்லை.

இவ்வாண்மைச் சுதந்திரம் வடிவத்தோடு நின்றுவிட்டது என்பதும் கூறப்படல் வேண்டும். ராண்ட் தம் இறுதி ஆண்டான 1996இல் வரைந்தவற்றுள் என்ரோன் நிறுவனத்தின் சாய்ந்த எழுத்தும் ஒன்று. 2001 டிசெம்பரில் கணக்கு மோசடிகளோடு அந்நிறுவனம் வீழ்ந்தபோது, அவ்வெழுத்து கோணலின் சின்னமாக நகையாடப்பட்டது. மோசடிக்கு வரைஞர் பொறுப்பல்லர். ஆயின் 'எவ்வாறு வரைவது' என்பதில் விட்டுக்கொடாத இம்மரபு, 'எதற்காக வரைவது' என்ற வினாவைத் தன் வாண்மைக்குப் புறம்பாகவே வைத்திருந்தது. அவ்வினாவை 1964இல் இலண்டனில் கென் கார்லண்ட் வெளியிட்ட அறிக்கை எழுப்பியது. அவர் உள்ளிட்ட 22 பேர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். விளம்பரத்தை ஒழிக்குமாறு அவர்கள் கோரவில்லை. அற்பப் பண்டங்களில் விரயமாகும் திறன் கல்விக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் திரும்பவேண்டும் என்றே கோரினர். அவர்களும் வாடிக்கையாளரின் பணத்திலேயே வாழ்ந்தவர்கள் என்பது அவ்வறிக்கையின் வலுவும் வலுவின்மையுமாகும்.

2008இல் மெல்பேணில் தொடங்கிய 99டிசைன்ஸ் போன்ற இணையச் சந்தைகள் பழைய உறவினைப் புதிய உருவில் மீட்டுள்ளன. அவை நடத்தும் போட்டிகளில், ஒரு வாடிக்கையாளரின் அறிவிப்புக்குப் பல நாட்டு வரைஞர்கள் முடித்த வடிவங்களையே அனுப்புகின்றனர். தெரிவானவருக்குப் பரிசுத்தொகை, ஏனையோருக்கு ஒன்றுமில்லை. டேவிட்சனுக்கு அவர் உழைத்த மணித்தியாலங்களேனும் கணக்கிடப்பட்டன.