கட்டடத்துக்கு விலக்கு, குடித்தனத்துக்கு விலக்கு

வாடகை கட்டுப்படியாக வேண்டும், அதற்காக அரசு சொத்து வரியை விட்டுக்கொடுக்கலாம். இந்த ஒரே எண்ணத்தை அமெரிக்காவின் இரண்டு மாநிலங்கள் இரண்டு விதமாகச் சட்டமாக்கின. நியூயார்க்கின் 421-ஏ, கட்டடத்தைப் பார்த்து விலக்கு தந்தது. கலிபோர்னியாவின் நல விலக்கு, அதில் குடியிருப்பவரைப் பார்த்துத் தருகிறது. விட்டுக்கொடுத்த வரிப்பணம் கடைசியில் யார் கையில் சேர்கிறது என்பதை முடிவு செய்வது இந்த வேறுபாடுதான்.

421-ஏ 1971-இல் வந்தது. மக்கள் நியூயார்க் நகரத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம். யாராவது புதிதாகக் கட்டினால் போதும் என்றிருந்தது. அதனால் தொடக்கத்தில் மலிவு வாடகை என்ற நிபந்தனையே அதில் இல்லை. எண்பதுகளில்தான், மான்ஹாட்டனின் விலையுயர்ந்த பகுதிகளில் கட்டுவோர் மலிவு வீடுகளுக்கும் வழிசெய்ய வேண்டும் என்றார்கள். அதுவும் சுற்றுவழி. வேறெங்கோ மலிவு வீடு கட்டுபவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டாலே விலக்கு கிடைத்துவிடும்.

இந்தச் சான்றிதழ் முறை என்ன செய்தது என்பதற்கு 57-ஆம் தெருவின் ஒன்57 கோபுரமே சாட்சி. அதன் உச்சிவீடு 2014-இல் 10 கோடி டாலருக்குமேல் விலைபோனது. அந்தக் கோபுரத்துக்கும் 421-ஏ விலக்கு உண்டு. ஈடாகக் கிடைத்தவை பிராங்க்ஸ் பகுதியில் 66 மலிவு வீடுகள். இழந்த வரியை நேரடி மானியமாகக் கொடுத்திருந்தால் இதைப்போல் பல மடங்கு வீடுகள் எழுந்திருக்கும் என்று நகரத்தின் சுயேச்சை பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டுச் சொன்னது. படிக்கும்போது கோபம்தான் வருகிறது.

சான்றிதழ் முறை பின்னர் ஒழிந்தது. ஆனாலும் 2017-இல் திருத்தி வந்த சட்டத்தின் ஒரு பிரிவு, வட்டார இடைநிலை வருமானத்தில் 130 சதவீதம் ஈட்டுபவருக்கான வீட்டையும் மலிவு வீடு என்று ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியாவில் அந்த வரம்பு 80 சதவீதம்.

கலிபோர்னியச் சட்டம் முதலில் கேட்பது, உரிமையாளர் யார் என்பதை. லாப நோக்கற்ற அமைப்பு உரிமையிலோ நிர்வாகப் பங்காளியாகவோ இருக்க வேண்டும். அடுத்து, குடித்தனக்காரரின் வருமானம். நூறு வீடுகளில் அறுபதில் தகுதியுள்ள குடும்பங்கள் இருந்தால் வரியில் 60 சதவீதத்துக்கு மட்டுமே விலக்கு. ஒரு முறை வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15-க்குள் கவுண்டி மதிப்பீட்டாளரிடம் மனு போட வேண்டும். மிச்சமாகும் வரிப்பணம் வாடகையைத் தாழ்வாக வைக்கவே பயன்படுகிறது என்று உரிமையாளர் உறுதியும் தர வேண்டும். இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

நியூயார்க் கட்டுநர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே ஒன்று முதல் மூன்று குடும்பங்கள் வாழும் சிறு வீடுகளுக்குச் சந்தை மதிப்பில் 6 சதவீதத்தை வைத்து வரி கணக்கிடுகிறார்கள். அடுக்குமாடி வாடகைக் கட்டடங்களுக்கு 45 சதவீதத்தை வைத்து. அந்தப் பாரம் வாடகையில்தான் இறங்குகிறது. கலிபோர்னியாவிலோ 1978-இன் 13-ஆம் முன்மொழிவு அடிப்படை வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. ஆகவே விலக்கு இல்லாமல் வாடகைக் கட்டடம் கட்டிக் கட்டுப்படியாகாது என்ற நியூயார்க் வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால் கோளாறு வரியிலேயே இருக்க, அதைத் திருத்தாமல் ஆண்டுக்கு 170 கோடி டாலருக்குமேல் விலக்கில் விட்டது சரியல்ல.

கலிபோர்னியாவின் குறை வேறு. அதன் விலக்கு தனியாக நின்று ஒரு கட்டடத்தையும் எழுப்பாது. நிலம், கடன், கூட்டாட்சி வரிச்சலுகை எல்லாவற்றையும் லாப நோக்கற்ற அமைப்பு அலைந்து திரட்டியாக வேண்டும். உள்ளூர் அமைப்புகள் இழக்கும் வரியை மாநிலம் ஈடுகட்டுவதும் இல்லை. ஆனால் எழுந்த கட்டடம் நிலைக்கிறது: கூட்டாட்சி வரிச்சலுகை பெற்றவற்றில் வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 55 ஆண்டு.

421-ஏ 2022 ஜூனில் காலாவதியானது. 2024-இல் அதன் இடத்துக்கு 485-எக்ஸ் வந்தது. நூறோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடத்தில் கால்பங்கு மலிவு வீடாக இருக்க வேண்டும். விலக்கு முடிந்தாலும் அவை நிரந்தரமாக மலிவு வாடகையிலேயே நீடிக்க வேண்டும். தொழிலாளர் கூலிக்கும் கீழ்வரம்பு வந்தது. உடனே 99 வீடுகளோடு நிறுத்திக்கொள்ளும் திட்டங்கள் நகரமெங்கும் விண்ணப்பங்களாக வரத் தொடங்கிவிட்டன. வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வைக்காமல், கலிபோர்னியாவைப் போல ஒவ்வொரு குடித்தனத்தையும் கணக்கில் எடுத்து விகிதப்படி விலக்கு தந்திருந்தால் இந்த 99-க்கு வேலையே இருந்திருக்காது.