உப்பு என்ற தலைச்சொல்

சட்டப் புத்தகத்தின் பின்னால் இருக்கும் பொருளகராதியை யாரும் வாசிப்பதில்லை, புரட்டுவார்கள். அதனாலேயே அதைத் தயாரித்தவனுக்கும் ஒரு பார்வை இருந்தது, அவனும் சிலவற்றை முன்னிறுத்திச் சிலவற்றை ஒதுக்கினான் என்பது நமக்கு உறைப்பதில்லை. ஒரு கவிதைத் தொகுப்பில் யார் விடுபட்டார் என்று மூன்று இதழ்களுக்குச் சண்டை போடும் நாம், அகராதியில் எந்தச் சொல் விடுபட்டது என்று கேட்டதில்லை. எனக்கு இந்தக் கேள்வி வந்தது மரக்காணத்தில் வேலை பார்ப்பதால். இங்கே உப்பு என்பது பாத்தி, வெயில், கூலி. சட்டத்தில் அது ஒரு தலைச்சொல். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இங்கிலாந்தில் பழைய சட்டங்கள் லத்தீனிலும் சட்டப் பிரெஞ்சிலும் இருந்தன. அரசன் வாரியாக, ஆண்டு வாரியாக அவை குவிந்துகொண்டே போயின. ஒரே சட்டத்தில் கம்பளி பற்றியும் இருக்கும், கள்ள நாணயம் பற்றியும் இருக்கும். இந்தக் குவியலை வெட்டித் துண்டுகளாக்கி, தலைச்சொற்களின் கீழ் எழுத்து வரிசையில் அடுக்கிய சுருக்கம் ஒன்று 1481 வாக்கில் லண்டனில் அச்சாயிற்று. 1519ல் ஜான் ராஸ்டல் அத்தகைய சுருக்கத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ராஸ்டல் தாமஸ் மோரின் சகோதரியை மணந்தவர். வழக்கறிஞர், அச்சுக்காரர், நாடகக்காரர். 1536ல் சிறையில் இறந்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவனுக்கு அது புரியும் பாஷையில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்த மாற்றத்தின் பெறுமதி சாதாரணமானதல்ல. கால வரிசை அரசனுடைய வரிசை. எந்த ஆண்டில் என்ன ஆணை பிறந்தது என்பது ஆண்டவனுக்குத்தான் நினைவிருக்கும். எழுத்து வரிசை மாட்டிக்கொண்டவனுடைய வரிசை; அவனுக்குத் தெரிந்தது ஒரு சொல் மட்டுமே. ஆனால் அந்தச் சொல்லை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. தொகுத்தவன் தேர்ந்தெடுத்து வைத்த சொல்லை அவன் ஊகிக்க வேண்டும். திறந்த கதவுக்கு உள்ளேயே இன்னொரு கதவு.

சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனியின் ஏகபோகமாக்கியது 1805ன் முதலாம் ரெகுலேஷன். எண்ணும் ஆண்டும்தான் அதற்கு அடையாளம். உப்பைத் தேடுகிறவனுக்கு '1805, 1' என்பது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். பழைய சட்டங்கள் பலவற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர் வைக்க இந்தியாவில் 1897ல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1882ல் இந்திய உப்புச் சட்டமும் 1889ல் சென்னை உப்புச் சட்டமும் வந்தன. இப்போது 'உப்பு' என்ற தலைச்சொல் கிடைத்துவிட்டது. அதன் கீழே இருந்தவை லைசென்ஸ், தீர்வை, கள்ள உப்பு, உப்பு மண். கடல் பொங்கி வடிந்த பள்ளத்தில் தானாகப் பூத்த உப்பை வாரினவன் எந்தச் சொல்லின் கீழ் தன்னைத் தேடியிருப்பான்? அவன் 'கள்ள' என்ற சொல்லைத் தன் தலையில் தானே சூட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தமிழில் அறிவித்தார். அவர் காட்டிய இடம் உப்புச் சட்டம் அல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆவது பிரிவு. சட்டவிரோதமான கூட்டத்துக்கென்று அமர்த்தப்பட்ட ஆட்களுக்குத் தெரிந்தே இடம் கொடுப்பதைப் பற்றியது அது. பொருளகராதியில் 'உப்பு' என்று தேடினாலும் அது அகப்படாது, 'விருந்து' என்று தேடினாலும் அகப்படாது. அதிகாரத்துக்குத் தன் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் எந்தப் பக்கத்துக்கும் போக வழி தெரியும். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

1944ல் மத்திய ஆயத்தீர்வையும் உப்பும் ஒரே சட்டத்தின் தலைப்பில் சேர்ந்தன. 1947 ஏப்ரலில் உப்பு வரி போயிற்று. தலைப்பிலிருந்து 'உப்பு' போனதோ 1996ல்தான். வரி இல்லாமல் 49 ஆண்டுகள் அந்தச் சொல் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தது. இன்று உப்பைத் தேடுகிறவன் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 58ஆவது இனத்துக்குப் போக வேண்டும். அங்கே உற்பத்தி இருக்கிறது, விநியோகம் இருக்கிறது. பாத்தியில் நிற்கும் கால் இல்லை.

இது நமக்கு அந்நியமான பிரச்னையும் அல்ல. திவாகரமும் பிங்கலமும் பொருள் வகைப்படி தொகுத்தவை; மனப்பாடம் செய்தவனுக்கே அவை பயன்பட்டன. 1594ல் இரேவண சித்தரின் அகராதி நிகண்டு எழுத்து வரிசைக்கு வந்தது. 1732ல் வீரமாமுனிவரின் சதுரகராதி. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் சேர்த்த அகராதிகள் இல்லாவிட்டால் சங்க நூல்களில் நம்மில் பலர் வழி தெரியாமல் நின்றிருப்போம். இந்தியச் சட்டங்களைத் தொகுத்த விட்லி ஸ்டோக்ஸ் 1862ல் சென்னைக்கு வந்தவர், 1877 முதல் 1882 வரை வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர். அவரேதான் பழைய ஐரிஷ் மொழியின் அருஞ்சொற்பட்டியல்களைப் பதிப்பித்தவரும். சட்டத்தைத் தொகுப்பதும் சொல்லைத் தொகுப்பதும் ஒரே கையின் காரியங்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் விமர்சன நூல்கள் பெரும்பாலும் பொருளகராதி இல்லாமல் வெளிவருகின்றன. செலவு என்பார்கள். நான் வேறு காரணம் நினைக்கிறேன். அகராதி போட்டால் எந்தப் பெயர் எத்தனை தடவை வந்தது, எந்தப் பெயர் வரவே இல்லை என்பது அம்பலமாகிவிடும். நினைவில் வைத்திருப்பவன் மட்டுமே சொந்தம் கொண்டாடலாம் என்கிற ரெகுலேஷன் காலத்து ஏற்பாடு நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. சட்டக்காரர்கள் அதை விட்டு வெளியே வந்து ஐந்நூறு வருஷம் ஆகிறது. தப்பும் தவறுமாக வந்தார்கள், தங்கள் சொற்களையே தலைச்சொற்களாக வைத்துக்கொண்டு வந்தார்கள்; ஆனாலும் வந்தார்கள். நாம் முதலில் அதையாவது செய்வோம். தலைச்சொல் யாருடையது என்ற சண்டையை அதற்குப் பிறகு கண்ணியமாகப் போடலாம்.