ஒரே குவளை

சித்திரை பிறந்துவிட்டால் புதுக்கோட்டையின் சாலையோரங்களில் தண்ணீர்ப் பந்தல்கள் தோன்றிவிடும். பானையைச் சுற்றி ஈரத்துணி, மூடியின் மேல் ஒரு குவளை. அப்படியொரு கோடையில் வகுப்பில் அப்பூதியடிகள் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, அப்பூதியார் பந்தலில் எல்லாரும் ஒரே குவளையில்தான் குடித்தார்களா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

அப்பூதியார் திருவையாற்றை அடுத்த திங்களூரில் வாழ்ந்த அந்தணர். வேளாளர் குடியில் தோன்றிய திருநாவுக்கரசரை நேரில் காணும் முன்பே அவர்பால் பேரன்பு பூண்டவர். தம் மக்களுக்கும் பசுக்களுக்கும் அளக்கும் கருவிகளுக்கும் அவர் பெயரையே இட்டார். மக்கள் நடமாட்டம் ஓயாத வழியில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, அதற்கும் அப்பெயரையே சூட்டினார். 7ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் இச்செய்தியைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடினார். பந்தலின் குளிர்ச்சியை விரிவாகப் பேசும் அவர், குவளையைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும், அந்தணர் ஒருவர் தாம் செய்த அறத்தின் மீது தம் பெயரை எழுதாமல், வருண வரிசையில் தமக்குக் கீழே வைக்கப்பட்ட ஒருவரின் பெயரை எழுதினார் என்பதே பாதி விடையாகும்.

மீதிப் பாதி அவ்வளவு இனிமையானதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. நீர் இறைப்பவருக்கும் வார்ப்பவருக்கும் கலம் வனையும் குயவருக்கும் நெல் அளந்த கணக்குகள் உண்டு. அறம் தடையின்றி நடக்கச் செய்த ஏற்பாடுகள் இவை. ஆனால், சிலருக்குக் குவளையில் கொடுத்து, சிலரை எட்ட நிறுத்திக் குவிந்த கைகளில் உயரத்திலிருந்து ஊற்றிய வழக்கமும் இதே மண்ணில்தான் இருந்தது.

தாகம் தீர்ப்பதை வாழ்நாள் நோன்பாகக் கொண்டவர்கள் பிற நாடுகளிலும் உண்டு. கொரியாவில் சோயி என்ற பௌத்தத் துறவி (1786–1866) தேஹுங்சா மடாலயத்தை ஒட்டிய மலைச்சரிவில் இல்ஜியம் என்னும் சிறு குடிலில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். தேயிலையைப் பறித்துப் பக்குவப்படுத்தி, வந்தவர்க்குத் தேநீர் வார்த்தார். கொரியத் தேயிலையைப் புகழ்ந்து 1837இல் ஒரு நூலும் இயற்றினார். அன்றைய சோசன் அரசு பௌத்தத்தை ஒடுக்கியது. துறவிகள் இழிந்தோராக எண்ணப்பட்டனர். தலைநகருக்குள் நுழையவும் அவர்களுக்குத் தடை இருந்தது. அத்தகைய ஒருவரைத் தேடி, கன்பூசிய நெறியில் வந்த பெரும்புலவர் கிம் சோங்-ஹுய் நட்புக் கொண்டார். நாடுகடத்தப்பட்டுச் சேசுத் தீவில் இருந்த காலத்தில், தேயிலை அனுப்புமாறு துறவிக்குக் கடிதம் எழுதினார். அரசு விதித்த ஏற்றத்தாழ்வைத் தேநீர் கடந்து சென்றது.

நம் ஊர்த் தேநீருக்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. காப்பியும் தேநீரும் தமிழகத்தில் பரவிய இருபதாம் நூற்றாண்டில், பழைய வேற்றுமை புதிய கடைகளுக்குள்ளும் வந்து அமர்ந்துகொண்டது. உணவகப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957இல் சென்னையில் கிளர்ச்சி நடத்தவேண்டியிருந்தது. ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளிலோ இரட்டைக் குவளை. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு 1950 முதல் சொல்லி வருகிறது.

2022 டிசம்பர் இறுதியில், எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளிவந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும், அருகிலுள்ள இறையூரின் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருந்ததைக் கண்டறிந்தனர், வழக்கும் பதிவாயிற்று. சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் குவளை இரண்டாகவே இருந்திருக்கிறது. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பெருமையோடு விருந்தினருக்குக் காட்டும் அதே அன்னவாசல் வட்டாரத்தில்!

நீரோ தேநீரோ, வாழ்நாள் முழுதும் வார்ப்பது பெரிய செயலே. ஆயினும் எத்தனை ஆண்டுகள் வார்த்தார் என்பதைவிட, எத்தனை குவளைகள் வைத்திருந்தார் என்றே முதலில் கேட்கவேண்டும். அம்மாணவர் கேட்டதும் அதைத்தான். இப்போதெல்லாம் அப்பூதியார் வரலாற்றை நடத்தும்போது, அவ்வினாவை நானே வகுப்பில் எழுப்பிவிடுகிறேன். முதல் நாள் போல் எவரும் சிரிப்பதில்லை.