காலசங்கலிதம் தந்த வாரன்

சீனத்தின் அறிவியல் வரலாற்றை 1954 முதல் தொகுதி தொகுதியாக உலகறியச் செய்தவர் ஜோசப் நீடாம். அவருக்கு நூறாண்டுகளுக்கும் முன்னரே, தென்னாட்டுக் காலக்கணிதத்தை ஆராய்ந்து நூலாக்கிய ஒருவர் செஞ்சிக்குத் தென்கிழக்கே புதுச்சேரியில் வாழ்ந்து மறைந்தார். 1750இல் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய புஸ்ஸியை நம்மூர் வரலாறு மறப்பதில்லை. ஜான் வாரனை நினைப்பவரோ அரியர்.

வாரன் ஐரிஷ் வழிவந்த பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தவர். 1769இல் இத்தாலியின் லிவோர்னோவில் பிறந்து, இந்தியாவில் ஆங்கிலப் படையாளராக விளங்கினார். லாம்டனின் நில அளவையில் பணியாற்றியபின், 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகப் பொறுப்பை வகித்தார். தமிழர், தெலுங்கர், இசுலாமியர் ஆகியோரின் காலக்கணக்குகளை விளக்கும் அவரது 'காலசங்கலிதம்' 1825இல் சென்னையில் வெளிவந்தது.

அந்நூலின் உயிர்ப்பகுதி புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றியது. 1825 மே 31ஆம் நாள் இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, ஏடும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளை வைத்தே அவர் கணித்துக் காட்டினார். தேவையான எண்கள் யாவும் சொற்றொடர்களாக அவர் நினைவில் இருந்தன. தொடக்கத்தில் 4, நடுவில் 23, முடிவில் 52 நிமிடங்களே பிழை!

எழுத்துக்கு எண்மதிப்புத் தந்து, சந்திரனின் நிலையை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக யாத்தது வாக்கிய மரபு. யாப்பறிந்த கவிஞர்க்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் அக்கணிதர்க்கு வானியற் கோட்பாடு ஒன்றும் தெரியாது என்றே வாரன் எழுதினார். அது முழு நீதியாகாது. தலைமுறை தலைமுறையாகப் பிழையின்றிக் காத்துக் கொடுத்தலும் புலமையே அன்றோ? ஆயினும் அவர் பெயரைப் பதிவு செய்த நன்றி வாரனுக்கே உரியது. சாமி நாடன் சாஷியா என்பது அவர் எழுதிய வடிவம். சாமிநாத சேஷய்யா எனக் கொள்ளலாம்.

வாரன் 1830இல் புதுச்சேரியில் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்பை 1952இல் ஓட்டோ நாய்கபவர் என்னும் அறிஞர் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் ஆராய்ந்து, பாபிலோனியக் கணக்குமுறையின் சாயலை அதில் கண்டார். பத்தாண்டு கழித்து, 1962இல், 'வாக்கியகரணம்' என்னும் மூலநூலைக் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் சென்னையில் பதிப்பித்தனர்.