நாட்டைக் கேட்டார், கட்சி உடைந்தது

1916 நவம்பர் 14. மெல்போர்னில் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி எம்.பி.க்களின் கூட்டம். பிரதமர் பில்லி ஹியூஸ் மீது சொந்தக் கட்சிக்காரர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். பேச்சு நீண்டது. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் ஹியூஸ் எழுந்தார். தன்னோடு ஒத்துப்போகிறவர்கள் வரலாம் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அவர் பின்னால் போனார்கள். மிஞ்சியவர்கள் ஃபிராங்க் டியூடரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அசைக்க முடியாத பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்த கட்சி இரண்டாகப் பிளந்துவிட்டது.

ஹியூஸ் கட்சிக்கு அந்நியர் அல்லர். 1884இல் கப்பலேறி வந்த ஏழை இளைஞர் அவர். கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தார், குடை பழுதுபார்த்துப் பிழைத்தார். சிட்னி துறைமுகக் கூலிகளைச் சங்கமாகத் திரட்டியதில் அவர் பங்கு பெரிது. அப்படிப்பட்டவரைக் கட்சியிலிருந்து பிரித்தது ஒரே ஒரு கேள்வி: கடல் கடந்து போரிட ஆண்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பலாமா?

முதல் உலகப்போர் தொடங்கியபோது ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்தவர்கள் எல்லோரும் தாமாக வந்தவர்கள். உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஆண்களைக் கட்டாயமாக அழைக்கச் சட்டம் இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப இல்லை. 1916 ஜூலையில் பிரான்சின் ஃப்ரோமெல் களத்தில் ஒரே இரவில் 5,500க்கும் அதிகமான ஆஸ்திரேலியர்கள் மாண்டோ காயமுற்றோ சிறைபட்டோ போயினர். அடுத்து வந்த பொசியேர் சண்டையில் ஏழு வாரங்களுக்குள் அந்த எண்ணிக்கை சுமார் 23,000. அந்தச் சமயத்தில்தான் ஹியூஸ் பிரிட்டனிலிருந்து திரும்பினார். கட்டாயச் சேர்ப்பு இல்லாமல் படையை நிரப்ப முடியாது என்று தீர்மானித்தார்.

சட்டம் இயற்றினால் வேலை முடிந்துவிடும். ஆனால் செனட் குறுக்கே நின்றது. 36 இடங்களில் 31 தொழிற்கட்சியிடம் இருந்தும், அந்த 31 பேரில் பலர் இந்தச் சட்டத்துக்குக் கைதூக்க மாட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் கட்சி மாநாடும் தொழிற்சங்கங்களும் முன்பே எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தன. ஆகவே ஹியூஸ் பொது வாக்கெடுப்பு மூலம் மக்களிடம் போவதாக அறிவித்தார். கட்சிக் கூட்டம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் இதற்கு இணங்கியது. அந்த மெலிந்த இணக்கத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் அவருடைய பெரிய பிழை.

அதுவரை கட்சிக்குள் இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடிந்தது. வாக்கெடுப்பு வந்ததும் ஒவ்வொருவரும் மேடையேறி ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டியதாயிற்று. நடுவில் நிற்க இடமில்லை. செப்டம்பரிலேயே டியூடர் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஹியூஸின் சொந்த மாநிலக் கட்சி அவரை நீக்கியது. ஒரு வாக்குச்சீட்டுகூட அச்சாகாத நிலையில் இவ்வளவும் நடந்தது.

ஹியூஸ் தன் கையாலேயே எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். வெற்றி நிச்சயம் என்ற நினைப்பில், அக்டோபரிலேயே 21 முதல் 35 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களை உள்நாட்டுப் பயிற்சிக்கு அழைத்தார். விலக்குக் கேட்டு வந்தவர்களின் கைரேகை எடுக்கப்பட்டது. குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்துகிறார்களே என்ற கோபம் வீடு வீடாகப் பரவியது. அழைப்பை ஏற்றார்களா என்று இளைஞர்களை வாக்குச்சாவடியிலேயே விசாரிக்க அவர் வழிசெய்தபோது, வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் மேலும் மூன்று அமைச்சர்கள் விலகினார்கள்.

அக்டோபர் 28இல் மக்கள் வாக்களித்தனர். ஆதரவு 10,87,557, எதிர்ப்பு 11,60,033. வித்தியாசம் 72,476 மட்டுமே. ஐரிஷ் கத்தோலிக்கர்களிடையே அந்த ஆண்டின் டப்ளின் எழுச்சியை பிரிட்டன் நசுக்கிய விதம் பற்றிய கசப்பு இருந்தது. மெல்போர்ன் இணைப் பேராயர் டேனியல் மேனிக்ஸ் கட்டாயச் சேர்ப்பை வெளிப்படையாக எதிர்த்தார். இதைத் தோல்விக்கு முதல் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் படையில் சேர்ந்திருந்த போர்வீரர்களிடையேகூட 58,894 பேர் எதிர்த்து வாக்களித்ததை எந்த மதக் கணக்கிலும் அடக்கிவிட முடியாது.

தோற்றது ஹியூஸின் கோரிக்கை. விலை கொடுத்தது தொழிற்கட்சி. எதிர்க்கட்சியான லிபரல்களோடு கைகோத்து ஹியூஸ் தேசியவாதக் கட்சியை உருவாக்கினார். 1917 மே தேர்தலில் அது 75இல் 53 இடங்களைப் பிடித்தது, தொழிற்கட்சிக்கு 22. வாக்கெடுப்பில் அவரைத் தோற்கடித்த அதே மக்கள் போர்க்காலத் தலைவராக அவரையே தேர்ந்தார்கள். டிசம்பரில் மறுபடியும் அதே கேள்வியோடு வந்தபோது, முன்பைவிடப் பெரிய வித்தியாசத்தில் மறுத்தார்கள். சொன்ன வாக்குப்படி ஜனவரியில் ராஜினாமா செய்த ஹியூஸ், மாற்று அரசு அமைக்க ஆளில்லாமல் சில நாட்களில் மீண்டும் பிரதமரானார்.

மாநிலங்களிலும் பிளவு இறங்கியது. நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் வில்லியம் ஹோல்மன் வெளியேற்றப்பட்டார். கட்டாயச் சேர்ப்பை எதிர்த்த டி.ஜே. ரையனின் குவீன்ஸ்லாந்து மட்டும் கட்சியின் கையில் தங்கியது. தேசிய ஆட்சியைத் தொழிற்கட்சி மறுபடி பிடிக்க 1929 வரை ஆயிற்று. கட்சித் தொண்டர்களிடையே ஹியூஸுக்குத் துரோகி என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1916இல் கட்டாயச் சேர்ப்பை எதிர்த்துச் சங்கங்களைத் திரட்டியவர்களில் ஒருவர் ஜான் கர்ட்டின். அழைப்புக்குப் பணியாததால் சில நாள் சிறையிலும் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் அவரே தொழிற்கட்சிப் பிரதமர். ஜப்பானியப் படை நெருங்கிய நிலையில், கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட வீரர்களைத் தென்மேற்கு பசிபிக்கில் நாட்டு எல்லைக்கு அப்பாலும் அனுப்ப வேண்டும் என்ற முடிவுக்கு அவரும் வந்தார். அவர் வாக்கெடுப்பு வைக்கவில்லை. 1942 நவம்பரில் முதலில் கட்சி மாநாட்டுக்குப் போனார். மாநிலக் கிளைகள் விவாதிக்க அவகாசம் கொடுத்தார். பழைய தோழர்களின் வசவையும் வாங்கிக்கொண்டார். ஜனவரியில் மாநாடு இசைந்த பிறகே சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கட்சி உடையவில்லை, 1943 ஆகஸ்ட் தேர்தலில் 74இல் 49 இடங்களை வென்றது.