தடித்த எழுத்தும் தெளிந்த அறிவும்

சங்கரன்கோவில் கடைத்தெருச் சுவரைப் பாருங்கள், தோழர்களே! பகுத்தறிவுக் கூட்டத்திற்கு அழைக்கிறது ஒரு சுவரொட்டி. பக்கத்திலேயே சோதிடரின் விளம்பரம். இரண்டிலும் ஒரே எழுத்து: தடித்தது, உருண்டது, சற்றே சாய்ந்தது. யார் படைத்தது இவ்வெழுத்தை? ஆண்டவனா? அன்று, மனிதன்!

ஓலையில் நேர்க்கோடு கீறினால் கிழியும், தமிழெழுத்து வளைந்தது. புள்ளி குத்தினால் துளைபடும், புள்ளி மறைந்தது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. ஓலையின் ஆட்சி ஆட்டங்கண்டது. 1501-இலேயே வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு சாய்வெழுத்தில் முழுநூல் அச்சிட்டிருந்தார். 1922-இல் சிகாகோவின் ஆசுவால்டு கூப்பர், முனை மழுங்கிய கனத்த எழுத்தை வெளியிட்டார். அதற்குச் சாய்வு வடிவமும் பின்னர் வந்தது. விளம்பர உலகம் அதை வாரி அணைத்தது.

தலைப்புக்கு அது முரசு. தொலைவில் செல்வோனையும் நிறுத்தும். பத்தி முழுதும் அதையே கோத்தாலோ கண் களைக்கும். எல்லோரும் கூவும் சந்தையில் எவர் சொல் கேட்கும்?

தேவைக்கேற்ப எழுத்தை மாற்றலாம் என்ற துணிவைத் தமிழருக்கு ஊட்டியவர் பெரியார். 1935-இல் ‘குடி அரசு’ இதழில் னா, லை முதலிய எழுத்துகளை எளிதாக்கினார். பழமை பதறியது. ஆயினும் 1978-இல் தமிழ்நாடு அரசு அச்சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை ஏற்றது. இன்று நம் பிள்ளைகள் எழுதுவது அவ்வடிவமே!

எழுத்து கருவி, வணங்கும் பொருளன்று. உரக்க ஒலிப்பதாலேயே உண்மையாகிவிடாது. தடித்த எழுத்தில் அடித்தாலும் பொய் பொய்யே! எழுத்தின் பருமனை அளக்காதீர். கருத்தின் எடையை நிறுத்துப் பாருங்கள்.